பூட்டிய வீட்டின் மீட்டர்

என் வீட்டுக்காரர் பிரகாஷ் மீட்டர் பலகைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எங்கள் வீட்டு மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கையே வெறித்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த செல்போனில் வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. தண்ணீர் பிடிக்க வந்த மாதேஸ்வரி குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "என்னக்கா, அண்ணன் மீட்டருக்குப் பூஜை பண்றாரா?" என்றாள். "ஆமா, அப்படியே ஒரு கற்பூரம் காட்டிட்டுப் போ" என்றேன். மூக்கண்டப்பள்ளியில் ஒரே காம்பவுண்டுக்குள் பத்து குடித்தனம். ஒருத்தர் தும்மினால் பத்து வீட்டுக்கும் கேட்கும், இவர் மீட்டரைப் பார்ப்பது தெரியாமலா போகும்?

வீட்டுக்கு ஒரு சர்வர் வேண்டும் என்பது அவருடைய ஆசை. இரவும் பகலும் அணையாமல் ஓடுகிற கம்ப்யூட்டர் அது. நம் படங்களை நம் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, எங்கே போனாலும் போனில் எடுத்துப் பார்க்கலாம். என்னைப் பெண் பார்க்க வந்தபோது ஒரு தட்டு கேசரி காலியாவதற்குள் சரி என்றவர், இந்தப் பெட்டிக்கு மாதக்கணக்கில் வீடியோ பார்த்தார். எது கரண்ட் கம்மியாகக் குடிக்கும், எது சூடாகாது, எது நம் கைக்கு எட்டும். சாப்பிடும்போதும் அதே பேச்சு. நானும் திட்டிக்கொண்டே கேட்க ஆரம்பித்து, ஒரு கட்டத்தில் கம்பெனியில் ஒயர் செருகிக்கொண்டே அதையே யோசிக்கிற நிலைக்கு வந்துவிட்டேன்.

ஆசை அவருடையது என்றாலும் தேவை என்னுடையது. எங்கள் மகள் சௌமியாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஆபரேஷன் செய்து காதுக்குப் பின்னால் மெஷின் வைத்த பிறகு, அவள் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு சத்தத்தையும் நான் போனில் பிடித்துவைத்தேன். அந்தப் போன் ஒருநாள் துணி ஊறவைத்த வாளிக்குள் விழுந்தது. முதல் மூன்று மாதச் சத்தமும் அதோடு போயிற்று. போனுக்காக யாராவது இப்படி அழுவார்களா என்று கேட்டார்கள். போனுக்காகவா அழுதேன்? மிச்சமிருப்பதையாவது காப்பாற்றியாக வேண்டும். மாதாமாதம் கட்டணம் கட்டி எங்கேயோ ஒருவனுடைய கம்ப்யூட்டரில் வைக்கலாம்தான். ஆனால் என் பெண் திக்கித் திணறுவது ஊரார் வீட்டில் கிடப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

முதலில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு பழைய ஆபீஸ் சிபியூவை வாங்கிவந்தோம். அங்கேதான் சறுக்கியது. வீட்டுக்கார அம்மா கெம்பம்மாவை மறந்துவிட்டோம்.

கெம்பம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் ஷிப்டுக்குக் கிளம்பிய பிறகு மீட்டர் பலகையை ஒரு சுற்றுப் பார்ப்பார். பூட்டிய வீட்டின் விளக்கு சிமிட்டக் கூடாது. சிமிட்டினால் ப்யூஸைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போய்விடுவார். ஃபிரிட்ஜ் இருக்கிற வீட்டுக்கு மட்டும் சலுகை, எங்களிடம் ஃபிரிட்ஜ் கிடையாது. அந்தத் தடிமாட்டுப் பெட்டி கரண்டைக் குடித்த வேகத்துக்கு மீட்டர் விடாமல் கண்ணடித்தது. நாங்கள் வேலை முடிந்து வந்தபோது ப்யூஸும் இல்லை, பெட்டிக்கு உயிரும் இல்லை. மறுபடி போட்டதும் உள்ளே டிஸ்க் கடக் கடக் என்றது, அதோடு கெட்டுப்போனது. நல்லவேளை, படங்களை இன்னும் அதில் ஏற்றியிருக்கவில்லை.

"வீடு பூட்டியிருக்குது, லைட்டு மட்டும் கண்ணடிக்குது. உள்ள யாரு குந்திட்டு சாப்பிடறாங்க?" என்றார் கெம்பம்மா.

"கம்ப்யூட்டருங்கம்மா. நிக்காம ஓடணும்" என்றார் இவர்.

"ஆளில்லாத வீட்ல எதுவும் ஓட வேணா. முன்ன ஒருத்தி இஸ்திரிப் பெட்டிய மறந்துட்டு ஊருக்குப் போனா. மூணு வீடு எரிஞ்சுது. பேடப்பா, பேடா!"

கன்னடத்தில் வேண்டாம் என்றுவிட்டால் கெம்பம்மாவிடம் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அதன் பிறகுதான் இவர் மீட்டர் முன்னால் உட்கார ஆரம்பித்தது. வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொரு சாமானாகப் போட்டு, ஒரு சிமிட்டலுக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு நேரம் என்று பார்ப்பார். நேரம் கூடக் கூட, கரண்ட் குறைவு என்று அர்த்தம். கெம்பம்மா பலகையைக் கடந்து போகிற நேரத்துக்குள் ஒருமுறைகூடச் சிமிட்டாத சாமான் வேண்டும் என்பது இவர் கணக்கு. திருட்டு யோசனைதான். ஆனால் எனக்குப் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்பர் பாஷா குடோனுக்குப் போனோம். கம்பெனிகள் ஏலம் விடுகிற பழைய சாமான்கள் அங்கேதான் வந்து குவியும். இவர் கையகலப் பெட்டி ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஸ்கிரீன் உடைந்த லேப்டாப் ஒன்றை பாஷா சோதனைக்கு ஓடவிட்டிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. டியூப்லைட் அணைந்தது, தலைக்கு மேல் ஃபேன் நின்றது. இருட்டில் அந்த உடைந்த லேப்டாப் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது.

"ஏங்க, இதுக்குக் கரண்ட் போனது தெரியவே இல்லையே!" என்று கத்திவிட்டேன்.

"பேட்டரி இருக்குதும்மா, அது பாட்டுக்கு ஓடும். ஸ்கிரீன் போச்சுன்னு ஒருத்தனும் எடுக்க மாட்டேங்கிறான்" என்றார் பாஷா.

"நமக்கு எதுக்கு பாய் ஸ்கிரீன்?"

இவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பெண் பார்க்க வந்த அன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை. பேட்டரி உப்பியிருக்கிறதா என்று அடியில் தடவிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார். வீட்டில் அதைப் போட்டதும் நான் மீட்டரைப் பார்க்கப் போனேன். ஒரு சிமிட்டல் வந்தது. அடுத்தது வருவதற்குள் உள்ளே போய்க் குழம்புக்குத் தக்காளி நறுக்கிவிட்டு வந்தேன்.

ஆனாலும் மறைத்து வைக்க எனக்கு மனசு வரவில்லை. படங்களை எல்லாம் அதில் ஏற்றிப் போனைக் காலி செய்த அன்றே கெம்பம்மாவைக் கூப்பிட்டு, "இதுதாம்மா உள்ள குந்திட்டிருக்கறது" என்று போனில் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினேன். இவர் போனில் இருந்ததால் பிழைத்த வீடியோ அது. வாசலில் சௌமியா முதுகைக் காட்டி உட்கார்ந்து மண்ணை அள்ளிக்கொண்டிருக்கிறாள். பின்னால் எங்கேயோ கெம்பம்மாவின் குரல்: "டேங்க் வழியுது, மோட்டார் ஆஃப் பண்ணு!" சௌமியாவின் கை நிற்கிறது. மெல்லத் திரும்புகிறாள். பிறந்ததிலிருந்து அவள் ஒரு குரலுக்குத் திரும்பியது அதுதான் முதல் தடவை.

கெம்பம்மா இன்னொரு தடவை போடச் சொன்னார். பார்த்துவிட்டு, "நான் அப்டியா கத்தறேன்?" என்றார். ப்யூஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தைரியம் இல்லை.

அடுத்த வாரம் மாரியம்மன் பண்டிகைக்கு மத்தூரில் அம்மா வீட்டுக்குப் போனோம். பஸ் இறங்கியதும் போனை எடுத்துப் பார்த்தேன். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"பிடுங்கிட்டாங்க" என்றேன்.

"வைஃபை பெட்டி அணைஞ்சிருக்கும், அதான் சுத்துது. லேப்டாப்புக்குப் பேட்டரி இருக்குது பிரவீனா, பயப்படாத. தீரப்போற நேரத்துல அதுவே ஒழுங்கா மூடிக்கும்."

"பழைய பேட்டரிங்க. திடீர்னு செத்துட்டா? அந்த டிஸ்க் மாதிரி இதுவும் போயிட்டா?"

இன்னொரு டிஸ்கில் காப்பி எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே நாளைக் கடத்தியவர் அவர்தான். கெம்பம்மாவைக் கூப்பிடலாமா என்று நினைத்து நினைத்து விட்டுவிட்டேன். மூன்று வீடு எரிந்ததைக் கண்ணால் பார்த்தவரிடம் என்னவென்று கெஞ்சுவது?

அம்மா கூழ் ஊற்றிக் கொடுத்தாள், இறங்கவில்லை. சௌமியா மடியில் வந்து உட்கார்ந்து போனைப் பிடுங்கி, சுற்றுகிற வட்டத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அது நின்றது. படம் வந்தது.

"ஏங்க!"

அவர் ஓடிவந்து எட்டிப் பார்த்தார். "ப்யூஸ் போட்டுட்டாங்க, பிரவீனா!"

அந்தப் பலகையில் கை வைக்கிற ஆள் எங்கள் காம்பவுண்டில் ஒருவர்தான்.

கோயில் பக்கம் பம்பை அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். சத்தத்தைக் கூட்டி வைத்தேன். "டேங்க் வழியுது, மோட்டார் ஆஃப் பண்ணு!" என்றது போன். அதற்குள்ளிருந்த சின்னச் சௌமியா மெல்லத் திரும்பினாள். என் மடியில் இருந்தவளும் சட்டென்று வாசல் பக்கம் திரும்பி, கெம்பம்மாவைத் தேடினாள்.