ஜங்க் பொத்தான்

முதல் அறை விழுந்த வேகத்தில் அசோக்குமாரின் மூக்குக்கண்ணாடி கழன்று ஜெகதீஷின் கீபோர்டு மேல் வந்து விழுந்தது. ஒரு பக்கம் கண்ணாடியே இல்லை. ஜெகதீஷ் அதை எடுத்து மடக்கி மானிட்டர் பக்கத்தில் வைத்தான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"ஆர்டர் வந்துச்சா, வரலையா? அதை மட்டும் சொல்லுய்யா," என்றான் ஆஞ்சப்பன்.

"சத்தியமா வரல ஆஞ்சப்பா. வந்திருந்தா நானே போர்டுல ஒட்டியிருப்பேன்."

"காலையில முதலாளி என்கிட்டயே போன்ல பேசினாரு. 'ஏழு பேரையும் சேத்துக்கச் சொல்லி மெயில் போட்டாச்சு, அசோக் போர்டுல போடுவாரு'ன்னாரு. அப்ப அவரு பொய் சொல்றாரா? நீ சொல்றியா?"

பதில் வாயைவிட்டு வருவதற்குள் இரண்டாவது அறை விழுந்தது.

ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்குத் தகட்டுப் பாகங்கள் அடித்துக் கொடுக்கும் பிரஸ் கம்பெனி அது. தலைமை அலுவலகம் பெங்களூரில். பொங்கல் முடிந்த வாரம், நாலாம் நம்பர் பிரஸ் திம்மப்பனின் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. கை உள்ளே இருந்தால் பிரஸ்ஸை இறங்கவிடாமல் நிறுத்த ஒரு சென்சார் உண்டு. அது செத்துக் கிடந்தது. அன்று எல்லா பிரஸ்ஸையும் நிறுத்திவிட்டு வெளியே வந்த ஏழு பேரை பர்சனல் மேனேஜர் அசோக்குமார் சஸ்பெண்ட் செய்தார். அந்த ஏழு பேரில் முன்னால் நின்றவன் ஆஞ்சப்பன். விசாரணையில் அசோக்குமார் சொன்னது ஒரே வரி: "சென்சார் கெட்டுப்போச்சுன்னு யாரும் என்கிட்ட சொல்லவே இல்லை."

அன்றிலிருந்து தொழிலாளர்கள் கேட்டுக்கு வெளியே பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இன்று மதியம்வரை நோட்டீஸ் போர்டு காலியாகவே இருந்ததைப் பார்த்ததும் கேட்டை உடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். போலீஸ் வராதபடி ரோட்டுக்குக் குறுக்கே ஒரு லாரி நின்றது. ஆபீசில் ஜன்னல் என்று ஒன்று பாக்கி இல்லை. "எனக்கு மெயிலே வரல, வேணும்னா சிஸ்டம்ஸ் ஆளைக் கேளுங்க" என்று அசோக்குமார் கதறியதால், சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஜெகதீஷ் வேலை பார்க்கும் இந்த சர்வர் அறைக்கு வந்திருந்தார்கள்.

சின்ன அறை. ஏசிக் குளிர் வெளியே போகாமலிருக்க கனத்த இரும்புக் கதவு. கதவின் தலையில் எண்ணெய் நிரப்பிய ஒரு குழாய். கதவைத் திறந்து விட்டால் அது படாரென்று அடிக்காமல், மெல்ல இழுத்துச் சாத்திவிடும். அந்தக் குழாய் எப்படி வேலை செய்கிறது என்று ஜெகதீஷ் ஒருமுறை அறையைப் பெருக்க வந்த முனிலட்சுமிக்கே முழுசாக விளக்கியிருக்கிறான். திண்டுக்கல்லிலிருந்து வந்து மத்திகிரியில் வாடகைக்கு இருந்த அவனுக்கு அது ஒரு வியாதி. யாராவது "ஏன்?" என்று கேட்டுவிட்டால் போதும், கேட்டவர் ஓடும்வரை விளக்குவான். அதனாலேயே கேன்டீனில் அவனுக்கு 'வாத்தியார்' என்று பேர்.

"வாத்தியாரே, நீதான் சொல்லணும்," என்றான் ஆஞ்சப்பன். "மெயிலு எங்க?"

ஜெகதீஷ் அசோக்குமாரின் பெட்டியைத் திறந்து காட்டினான். தலைமை அலுவலகத்திலிருந்து ஒன்றும் இல்லை.

முதலாளிக்குப் போன் போட்டார்கள். ஸ்விட்ச் ஆஃப். ஜெர்மனிக்கு விமானம் ஏறிவிட்டார் என்றாள் அவருடைய செகரட்டரி ராஜலட்சுமி. ஜெகதீஷ் போனை ஸ்பீக்கரில் வைத்தான்.

"அந்த மெயிலை நீங்களே இன்னொரு தடவை அனுப்புங்க மேடம். சீக்கிரம்."

"அனுப்பிட்டேன் சார். அங்க என்ன சத்தம்?"

எல்லோரும் திரையையே பார்த்தார்கள். ஜெகதீஷ் பெட்டியைப் புதுப்பித்தான். மறுபடி புதுப்பித்தான். வரவில்லை.

"திரும்பி வந்துச்சா மேடம்?"

"இல்லையே. போயிடுச்சு."

கூட்டத்தில் ஒருவன் பெல்ட்டைக் கழற்றினான். "நம்மள வெச்சு விளையாடுறானுங்கடா! முதலாளியும் இவனும் கூட்டு!" பெல்ட்டின் பக்கிள் அசோக்குமாரின் காதோரம் கிழித்தது. அவர் குனிந்தபோது விலாவில் ஒரு உதை விழுந்தது. காய்ந்த சுள்ளி ஒடிவது போல ஒரு சத்தம் கேட்டது. அவர் வாயைத் திறந்தார், குரல் வரவில்லை.

"விடுங்கடா, செத்துடப் போறாரு," என்றான் திம்மப்பன். யாரும் காதில் வாங்கவில்லை.

"அண்ணா, அண்ணா, ஒரு நிமிஷம்!" ஜெகதீஷ் எழுந்து கத்தினான். "ஒரு மெயிலுக்கு மூணு கதிதான். ஒண்ணு, வந்து சேரும். இல்லேன்னா விலாசம் தப்புன்னு அனுப்பினவங்களுக்கே திரும்பிப் போகும். ரெண்டும் இல்லேன்னா வழியில யாரோ புடிச்சு வெச்சிருக்காங்கன்னு அர்த்தம்!"

"யாரு புடிச்சு வெச்சா?"

அந்தக் கேள்வியில்தான் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாத நேரத்தில் மெயில் சர்வரைப் புது வெர்ஷனுக்கு மாற்றியிருந்தான். அதன் வாசலில் குப்பை மெயில்களைத் தடுக்க ஒரு ஃபில்டர் உண்டு. ஒவ்வொரு மெயிலையும் நிறுத்திச் சோதனை போட்டு, சந்தேகத்துக்கு இவ்வளவு என்று மார்க் போடும். மார்க் ஐந்தைத் தாண்டினால் குப்பை. பழைய வெர்ஷன் குப்பை என்று தோன்றினால் தலைப்பில் ஒரு முத்திரை குத்திவிட்டு உள்ளே அனுப்பிவிடும். புதியது அப்படியில்லை. பிடித்து உள்ளே போட்டுப் பூட்டிவிடும், அனுப்பியவருக்கும் சொல்லாது, பெறுபவருக்கும் சொல்லாது. தலைமை அலுவலகத்தை எதற்கும் நிறுத்தாதே என்று அவன் எழுதி வைத்திருந்த கோப்பை, புது வெர்ஷன் வேறு இடத்தில் தேடி, இல்லை என்று விட்டுவிடும். இவனோ தன் சொந்த யாஹூ கணக்கிலிருந்து ஒரு மெயில் போட்டுப் பார்த்து, வந்து சேர்ந்ததும் பூட்டிக்கொண்டு பிரியாணி சாப்பிடப் போய்விட்டான்.

"கிடைச்சுடும், அடிக்காதீங்க, கிடைச்சுடும்," என்று சொல்லிக்கொண்டே அவன் பூட்டி வைத்த மெயில்களின் பெட்டியைத் திறந்தான். லாட்டரி, மாத்திரை, வெளிநாட்டு வாரிசுச் சொத்து, அதற்கு நடுவே முதலாளியின் பெயர். அதன் கீழேயே ராஜலட்சுமியின் பெயர்.

"இருக்கு! ரெண்டுமே இருக்கு!"

பிரிண்டர் காகிதத்தைத் துப்பியது. ஜெகதீஷ் ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சத்தமாகச் சொன்னான். ஏழு பேருக்கும் மறுபடி வேலை. எல்லா பிரஸ்ஸுக்கும் புது சென்சார், கை போகாதபடி தடுப்பு. திம்மப்பனுக்கு நஷ்ட ஈடு.

ஒருவன் விசில் அடித்தான். பெல்ட் தரையில் விழுந்தது. வெளியே தாழ்வாரத்தில் செய்தி பரவி, ஆபீசே அதிர்ந்தது. அசோக்குமார் சுவரில் சாய்ந்து தண்ணீர் கேட்டார். திம்மப்பன்தான் பாட்டிலைத் திறந்து, மூன்று விரல் கையால் அவர் தலையைப் பிடித்துக் குடிக்க வைத்தான். குடித்த தண்ணீரில் ரத்தம் கலந்து தாடையில் வழிந்தது.

"நான் பொய் சொல்லலைன்னு இப்பவாவது..." என்றார் அவர்.

"தெரிஞ்சிடுச்சு சார். மனசுல வெச்சுக்காதீங்க." ஆஞ்சப்பன் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். சிரித்தபடியே திரும்பினான். "அது கிடக்கட்டும் வாத்தியாரே. முதலாளி மெயிலையே குப்பைன்னு நெனச்சிருக்குதே உன் மிஷினு. ஏன்?"

ஏன் என்று கேட்டுவிட்டான்.

ஜெகதீஷுக்கும் அது புதிராகத்தான் இருந்தது. நிறுத்தியது புது வெர்ஷன், சரி. ஆனால் மார்க் ஐந்தைத் தாண்டியது எப்படி? அவன் மார்க் கணக்கைத் திறந்தான். பயமெல்லாம் போய், ஒரு பூட்டு திறந்துகொள்ளும்போது வரும் சந்தோஷம் அவன் குரலில் வந்துவிட்டது.

"பாருங்கண்ணா, இது தானா கத்துக்கிற மிஷின். நாம ஒரு மெயிலைப் பாத்து ஜங்க் பொத்தானை அமுக்கினோம்னா, அதுல இருக்கிற வார்த்தை எல்லாத்தையும் குப்பை வார்த்தைன்னு மனப்பாடம் பண்ணிக்கும். திரும்பத் திரும்ப அமுக்கினா, அந்த வார்த்தைங்க எங்க வந்தாலும் மார்க் ஏறிடும். இந்த மெயில்ல எந்த வார்த்தை நூத்துக்கு எவ்வளவு குப்பைன்னும் காட்டும். இதோ... சென்சார். பிரஸ். விரல். தடுப்பு. ஆஞ்சப்பன்..."

படித்துக்கொண்டே வந்தவன் நின்றான்.

ஆஞ்சப்பன் குனிந்து திரையில் தன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தான். ஆங்கிலத்தில் தன் பெயரைப் படிக்க அவனுக்குத் தெரியும். பக்கத்திலேயே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்று இருந்தது.

"என் பேரு குப்பைன்னு இதுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?"

ஜெகதீஷ் வாயை இறுக மூடிக்கொண்டான். ஆனால் கண் கேட்கவில்லை. அது சுவரோரம் சாய்ந்திருந்தவர் பக்கம் போய்த் திரும்பியது. அவ்வளவு போதுமாக இருந்தது.

"அவரு அமுக்கினதைக் காட்டு."

"அதெல்லாம் அழிஞ்சிடும்ண்ணா."

"காட்டுறா!" கழுத்தில் விழுந்த பிடியில் ஜெகதீஷின் நெற்றி மேசையில் மோதியது. மவுஸை அவன் கைதான் நகர்த்தியது. ஜங்க் என்று தள்ளப்பட்டவை வரிசையாக இறங்கின. எல்லாம் பாகலூர் ரோடு பிரவுசிங் சென்டரிலிருந்து, யூனியன் பெயரில் வந்தவை. அடியில் கிடந்ததற்குத் தலைப்பு: நாலாம் நம்பர் பிரஸ் சென்சார் வேலை செய்யவில்லை. தேதி, தீபாவளிக்கு முந்தின வாரம்.

திம்மப்பன் பாட்டிலைக் கீழே வைத்தான்.

"அது நான் எழுதச் சொன்னது," என்றான். "என் கை போறதுக்கு முன்னாடி."

அசோக்குமார் கைகளைக் கூப்பினார். "தினமும் அம்பது மெயில் வரும்ப்பா. யூனியன்னு பாத்ததும் தள்ளிடுவேன். படிக்கவே இல்ல. சத்தியமா படிக்கல."

"படிக்கலைன்னு நானும் நம்புறேன் சார்," என்றான் ஆஞ்சப்பன். குரல் தணிந்துவிட்டது. அடித்தபோது வராத 'சார்' அதில் இழைந்து வந்தது. அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து வலது கையைப் பிரித்து உள்ளங்கையில் ஏந்திக்கொண்டான். "எந்த வெரலால அமுக்குவீங்க? இதுவா?"

"தப்பு என்னுதுண்ணா!" ஜெகதீஷ் எழப் பார்த்தான், இரண்டு பேர் நாற்காலியோடு அழுத்தினார்கள். "நான்தான் வெர்ஷன் மாத்தினேன்! அந்தப் பொத்தானை அவருக்கு வெச்சுக் கொடுத்ததே நான்தான்! சோதிக்காம போனது நானு!"

"நீ நல்லா விளக்கிட்ட வாத்தியாரே. எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சு. உக்காரு."

அசோக்குமாரைக் கதவுவரை இழுத்தார்கள். அவர் கால்கள் தரையில் வழுக்கின. இரும்பு நிலைக்கும் கதவுக்கும் நடுவே அவர் கையை வைத்து, மணிக்கட்டை ஆஞ்சப்பன் மிதித்துக்கொண்டான். "யாராவது தள்ளுங்கடா," என்றான். பெல்ட் வீசியவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒருவரும் முன்னால் வரவில்லை.

தண்ணீர் கொடுத்தவன்தான் வந்தான். திம்மப்பன் மூன்று விரல் கையைக் கதவில் ஊன்றி, தோளைக் கொடுத்து, முழு உடம்பையும் சாய்த்தான். மேலே இருந்த குழாய் அவனை எதிர்த்து முனகியது. பிறகு விட்டுக்கொடுத்தது.

அந்தச் சத்தத்தை எப்படி விளக்குவது என்று ஜெகதீஷுக்குத் தெரியாது.

லாரியை நகர்த்திவிட்டு போலீஸ் வந்தபோது, அடிதடியில் ஆபீஸ் முகப்பே சிதறியது. தாழ்வாரத்தில் லத்தி விழுகிற சத்தமும் அலறலும் கேட்டுக்கொண்டே இருந்தது. அசோக்குமாரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இன்ஸ்பெக்டர் சர்வர் அறைக் கதவை அகலத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். நிலையின் விளிம்பில் ஒட்டியிருந்ததைப் பார்த்தார். பிறகு ஜெகதீஷைப் பார்த்தார். அவன் நெற்றியில் மேசை விளிம்பு கோடு போட்டிருந்தது.

"நீங்கதான் கூடவே இருந்தீங்க. அவரு கை எப்படிப் போச்சு? ஆதியோடந்தமா சொல்லுங்க."

ஆதி என்றால் ஞாயிற்றுக்கிழமை. இல்லை, அதற்கும் முன்னால், பொத்தான் வைத்துக்கொடுத்த நாள். எங்கிருந்து தொடங்கினாலும் திம்மப்பனிடம் போய் முடியும், வழியில் தன்னையும் தாண்டித்தான் போகும். மானிட்டர் பக்கத்தில் ஒற்றைக் கண்ணாடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கதவு தானா சாத்திக்கிச்சுங்க சார்," என்றான் ஜெகதீஷ்.

"தானாவா?"

"ஆமாங்க. வேகமா அடிச்சிடுச்சு."

இன்ஸ்பெக்டருக்குப் பின்னால், அவர் அகலத் திறந்து விட்டிருந்த இரும்புக் கதவு அசையத் தொடங்கியது. எண்ணெய்க் குழாய் பிடித்து இழுக்க, பூனை நடப்பது போல மெதுவாக, மிக மெதுவாக வந்து, சத்தமே இல்லாமல் நிலையில் பொருந்தியது. இன்ஸ்பெக்டர் திரும்பி அதை முழுசாகப் பார்த்துவிட்டு, மறுபடி அவன் பக்கம் திரும்பினார்.