தையல்காரர் மகனின் டப்பா

தலைமையாசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சுத்தம் சார். சுத்தத்தைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால், வெயிலில் நாலு பிள்ளைகள் மயங்கி விழுந்த பிறகுதான் நிறுத்துவார். கழிவறைச் சுவரில் ‘கை கழுவுக’ என்று பெயிண்டில் எழுதவைத்தவரும் அவரே. கீழே குழாயும் இருந்தது. அதில் தண்ணீர் வரவழைப்பது தன் வேலை இல்லை என்று இருந்துவிட்டார்.

மலப் பரிசோதனைக்காகச் சுகாதாரத் துறை ஆளுக்கொரு டப்பா கொடுத்தபோது சார் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார்: யார் வயிற்றில் பூச்சியோ, அவர் பெயர் காலைக் கூட்டத்தில் வாசிக்கப்படும்.

செங்கல் சூளையில் மண் பிசைகிறவளுக்கு அதைக் கேட்டதிலிருந்து தூக்கம் போனது. மகள் நான்காம் வகுப்பு. கைகால் குச்சி, வயிறு மட்டும் பானை. வகுப்பில் அவள் பெயரே பானைதான். இது வேறா? விடிந்ததும் டப்பாவைத் துணியில் சுற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுத் தையல்காரர் மனைவியிடம் போனாள். அவர்கள் மகனுக்குப் போன மாதம்தான் பூச்சி மருந்து கொடுத்திருந்தார்கள்.

“உன் பையனோடது கொஞ்சம் குடு.”

“நீங்களுமாக்கா? காலையிலேர்ந்து ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வர்றீங்க. அவன் என்ன மாடா?”

வகுப்பில் ஒருவருக்கும் பூச்சி இல்லை என்று முடிவு வந்தது. சார் கேடயம் வாங்கினார். துறை கொண்டுவந்த பூச்சி மாத்திரைப் பெட்டி பிரிக்காமலே திரும்பிப் போனது.

சில வாரங்களில் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். வாந்தி பச்சையாக வந்தது. சார்தான் தன் காரில் தாயையும் மகளையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றி வந்தார். அதில் குறை சொல்ல முடியாது. கூடவே வாயையும் கொண்டுவந்ததுதான் வினை.

“பூச்சி இருக்குமோ?” என்றார் டாக்டர்.

“எங்க ஸ்கூல்லயா? டெஸ்ட்ல சுத்தமா இல்லைன்னு வந்திருக்கு டாக்டர். கேடயமே குடுத்திருக்காங்க.”

தாய் வாயைத் திறந்தாள். சார் திரும்பிப் பார்த்தார். மூடிக்கொண்டாள். ஸ்கேன் எடுப்பவர் லீவு. டாக்டர் வலிக்கு ஊசி போட்டு, சலைன் ஏற்றச் சொன்னார்.

மதியத்துக்குள் வயிறு கல்லானது. மகள் அழுவதையும் நிறுத்திவிட்டாள். அதைத்தான் தாயால் தாங்க முடியவில்லை.

“டாக்டர், அந்த டப்பாவுல இருந்தது இவளோடது இல்ல. தையல்காரர் பையனோடது. வகுப்புல பாதிப் பேரு அவனோடதத்தான் வாங்கிக் குடுத்தோம்.”

“காலையிலயே சொல்லக்கூடாதாம்மா,” என்று சொல்லிக்கொண்டே டாக்டர் ஓடினார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் பூச்சிகள் பந்தாகத் திரண்டு குடலை அடைத்திருந்தன. ஆபரேஷன் அறைக் கதவு மூடியது.

சார் பெஞ்சில் உட்கார்ந்தார். “இதை வெளியில சொல்லிக்கிட்டு இருக்காதீங்கம்மா. ஸ்கூல் பேரு என்னாகும்?”

“மத்த பிள்ளைங்க வயிறு என்னாகும் சார்?”

சார் கைக்குட்டையை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார்.

தாய் தையல்காரர் மனைவிக்குப் போன் போட்டாள். “யார் யாருக்குக் குடுத்தியோ, அவங்க வீட்டுக்கெல்லாம் போ. இன்னைக்கே பூச்சி மருந்து குடுக்கச் சொல்லு. என் பொண்ணு கிடக்கிற கிடையைச் சொல்லு.”

“எனக்கு என்னக்கா தெரியும்? நான் யாருக்கும் எதுவும் குடுக்கல.” போன் அணைந்தது.

டாக்டர் வெளியே வந்தார். குடலில் கொஞ்சம் அழுகிவிட்டதாம், வெட்டி எடுத்தாயிற்றாம். “இன்னும் கண்ணு முழிக்கல. நாளைக்குத்தான் எதுவும் சொல்ல முடியும்.”

அவள் தலையாட்டினாள். சார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சூளையில் தன்னோடு மண் பிசைகிற இன்னொருத்தியின் எண்ணைத் தேடி அழுத்தினாள்.

“உன் பையன் டப்பாவுலயும் இருந்தது யாரோடதுன்னு உனக்கே தெரியும்,” என்று ஆரம்பித்தாள்.