அலகு குத்திய இடம்

“அமுக்காதடா! அமுக்கி அமுக்கித்தான் இப்படி வீங்கிப் போயிருக்கு.”

“சும்மா இரு லா, அக்கா. விபூதிதான் வெக்கிறேன்.”

என் தம்பி யோகேந்திரனின் இடது கன்னத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. மலேசியாவில், பீடோங்கில் ஒரு கிளினிக்கில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தோம். கையுறைத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்ததில் எனக்குக் கண் எரிந்தது. இதற்குப் பிறகு அம்மாவை டயாலிசிஸுக்கு வேறு கூட்டிப்போக வேண்டும்.

அம்மா பிழைத்தால் மூன்று தைப்பூசத்துக்குக் கன்னத்தில் அலகு குத்துவதாக வேண்டிக்கொண்டவன் அவன். இரண்டு முடிந்துவிட்டன. மூன்றாவது நெருங்குகிறது. அலகு இறங்கிய இடத்தில் விபூதியைத் தவிர வேறெதுவும் படக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். கட்டி வந்த பிறகும் அதையே போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் பிரேமாவதி கட்டியை விரலால் மெல்ல நகர்த்திப் பார்த்தார். நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி.

“இங்க முன்னாடி காயம் ஏதும் பட்டுச்சா தம்பி?”

“ஷேவ் பண்றப்ப...”

“பொய் லா டாக்டர், அலகு!” என்றேன். அவன் என் காலை மிதித்தான்.

டாக்டர் திட்டவில்லை. “பயப்படாதீங்க, இது கேன்சர் மாதிரி தெரியல. குத்துனப்போ மேல்தோலு கொஞ்சம் உள்ள போயிருக்கும். அதுவே பை மாதிரி வளந்துடுச்சு. பிதுக்குனா மாவு மாதிரி வரும், ஆனா பை உள்ளயே இருக்கும், திரும்ப நெறஞ்சிடும். இப்போ புண்ணாகியிருக்கு. மொதல்ல மருந்து சாப்பிடுங்க. வீக்கம் வத்துனதும் மரத்துப் போற ஊசி போட்டு, பையோட எடுத்துடலாம். எடுத்தத லேப்புக்கும் அனுப்பிப் பாப்போம்.”

“தைப்பூசத்துக்கு?”

“தாக் போலே, தம்பி. இந்த வருஷம் கன்னத்துல குத்தவே முடியாது.”

வெளியே வந்தும் அவன் மோட்டார் சைக்கிளை எடுக்கவில்லை. “குத்தாம விட்டு, அம்மாவுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?”

அம்மாவுக்கே போன் போட்டுக் கொடுத்தேன்.

“வெட்டி எடுத்துட்டு வாடா,” என்றார் அம்மா, அவன் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு. “ஒன் மூஞ்சிய நெனச்சுக்கிட்டுத்தான் ஒவ்வொரு தடவயும் அந்த மெஷின்கிட்ட படுத்துக் கெடக்கேன். முருகனுக்குக் கன்னந்தான் வேணுமாக்கும்? பால்குடம் எடு, போதும்.”

“அது அலகுக்கு ஈடாகுமா மா?” என்று முணுமுணுத்தான். ஆனாலும் உள்ளே திரும்பிப் போய், கட்டியை எடுக்க நாள் வாங்கி வந்தான்.

வீடு வந்து சேர்ந்தோம். எனக்கு உடம்பெல்லாம் அலுப்பு, ஆனால் மண்டைக்குள் இது மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. பால்குடம் எடுத்தால் அவன் வேண்டுதல் முடிந்ததாகிவிடுமா, இல்லை புண் ஆறியதும் அடுத்த வருடம் குத்தியே தீரவேண்டுமா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், சொல்லுங்களேன்?