தூரச் சுட்டியும் கந்தப்பனின் கையும்

வட்டகொடைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலை ஆலையில், கொழுந்து உருட்டும் ரோலர்களை ஆட்டிவைத்தது ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர். அதிலிருந்த சி நிரலைத் தொட ஆளில்லாமல், கெம்பஸ் படிப்பு முடித்த மதுரனைப் பிடித்து வந்திருந்தார்கள்.

மதுரன் கெட்டிக்காரன். ரோலர்கள் ஓடும் நேரப் பட்டியல் பெருத்ததால் அதற்குத் தூர நினைவகத்தில் இடம் ஒதுக்கி, 'ஃபார்' போட்டு அந்த இடத்தின் விலாசம் சொல்லும் சுட்டி செய்தான். நிரலோ பக்கத்து நினைவகத்தை மட்டுமே அறிந்த ஸ்மோல் மாடல். அந்த மாடலின் நூலகத்திலுள்ள, நகலெடுத்து வைக்கும் மெம்காப்பி உள்ளூர் ஆள். தோட்டத்தின் பெயரும் லயத்துக் காம்பரா நம்பரும் கொடுத்தனுப்பினால், தோட்டத்தை மறந்துவிட்டுத் தன் தோட்டத்திலேயே அதே நம்பர் கதவைத் தட்டும். நிரலை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் எச்சரிக்கத்தான் செய்தது. எச்சரிக்கையைக் கண்டால் ஆலைப் பொறுப்பாளரான டீமேக்கர் அமிர்தநாதன் மெஷினை ஓட்ட விடமாட்டார் என்பதால், மதுரன் எச்சரிக்கைகளையே அணைத்துவிட்டான்.

ரோலரைத் துப்புரவாக்குகிற கந்தப்பன் ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் கை வைப்பது அங்கே வழக்கம்.

"கம்ப்யூட்டரே ஆஃப்னு காட்டுது. ஃபியூஸ் எதுக்குங்கண்ணே?" என்றான் மதுரன்.

படித்த பிள்ளை சொன்னதை மதித்துக் கந்தப்பன் ஃபியூஸைக் கழற்றாமலே மூன்றாம் ரோலருக்குள் கையை விட்டு, பித்தளைப் பற்களுக்கிடையே ஒட்டியிருந்த இலையைச் சுரண்டினார். மதுரன் புதுப் பட்டியலை ஏற்றினான். அது தூரத்துக்குப் போகாமல், அந்த மூன்றாம் ரோலரின் 'நில்' என்ற கட்டளை இருந்த இடத்தில் ஏறி உட்கார்ந்தது.

ரோலர் சுற்றியது. முதலில் எலும்பின் சத்தம் கேட்டது. பிறகுதான் கந்தப்பனின் சத்தம்.

"நிப்பாட்டுடா!"

மதுரன் நிறுத்தும் விசையைத் தட்டினான். 'நின்றுவிட்டது' என்றது திரை. ரோலர் இன்னொரு சுற்றுச் சுற்றியது. மறுபடி தட்டினான். திரை அதையே பணிவாகச் சொன்னது. பச்சைக் கூழ் சிவந்தது.

சலிக்கும் அறையிலிருந்து கந்தப்பனின் மனைவி சுதர்ஷினி இரும்பு அலவாங்கோடு ஓடிவந்தாள். மெயின் சுவிட்ச் பெட்டியில் ஒரே போடு. பொறி பறந்து அவளையே தூக்கியெறிந்தது. ரோலர் செத்தது, திரையும் செத்தது. எழுந்தவள் அலவாங்கின் மறுமுனையால் மதுரனின் முன்பற்களை விசாரித்தாள்.

"பட்டியல் சரிதாங்கக்கா... போன எடந்தான்..."

அடுத்த அடி விலாவில்.

"யம்மா, செத்துருவாம்மா அவன்!" என்றார் சத்தம் கேட்டு வந்த அமிர்தநாதன்.

"சாகட்டுங்க. ஒன் டப்பாவ நம்பித்தானடா அவரு கைய விட்டாரு? இப்ப நீ விட்டு எடு!"

மதுரன் மெஷினைப் பார்த்தான். ஓடுமா ஓடாதா என்று சொல்லத் திரை இல்லை. கந்தப்பனின் உதடு வெளுத்துக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தன் இரண்டு கைகளையும் உள்ளே விட்டான்.

கந்தப்பனின் கை மணிக்கட்டு வரைக்கும் வந்தது. பற்களுக்குள் சிக்கிய மிச்சத்தை அவன் தனியாகத்தான் எடுக்க வேண்டியிருந்தது.