அவள் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்

வண்டியை விற்பவன் கதவைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது அவனுடைய இடது கைதான். கழுத்தில் மாட்டிய துணிப் பட்டையில் அது தொங்கிக்கொண்டிருந்தது. மகளுக்குத் துணையாக வண்டி வாங்க வந்திருந்த பேருந்து ஓட்டுநருக்கு ஐயோ பாவம் என்றிருந்தது. மறுகணமே, வெளியே சொல்ல வெட்கப்படும்படியான ஒரு நிம்மதியும் வந்தது. வழியெல்லாம் மகளிடம் சொல்லத் தேடிக் கிடைக்காத வார்த்தை இப்படிக் கண்ணெதிரே வந்து நிற்கிறதே. இனி அவர் வாயைத் திறக்கவே வேண்டாம்.

மனைவி அவரைக் கூட அனுப்பியதே இதற்குத்தான். "எப்படியாவது அவ மனசைக் கலைச்சுக் கூட்டிட்டு வாங்க" என்று செருப்பு மாட்டும்போது காதோடு சொல்லியிருந்தாள். சொல்வது சுலபம். மகள் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவள். நாள் முழுக்க ஒரு விளக்கு, ஒரு இயந்திரம். நிச்சயமான கல்யாணம் முறிந்தபோது அவள் அழவுமில்லை, யாரையும் திட்டவுமில்லை. பேச்சுதான் குறைந்துகொண்டே போனது. பிறகு ஒருநாள் தோழியின் டர்ட் பைக்கை மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, முழங்கையெல்லாம் சிராய்ப்போடு வந்து நின்று, விழுந்த கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். தனக்கும் அப்படி ஒன்று வாங்க வேண்டும் என்றாள். அந்தச் சிரிப்பைக் கேட்டபின் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. சரி என்று சொல்லவும் மனம் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தார்.

மகள் விற்பவனின் கையை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். கொட்டகைக்குள் போய் முதல் வேலையாக எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தாள். "சூடு பண்ணி வச்சிருந்தா ஸ்டார்ட்டிங் கோளாறு தெரியாதுப்பா" என்றாள். எஞ்சின் சில்லென்றிருந்தது. முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு உண்டா என்று விரலால் தடவினாள். பின் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினாள். இதையெல்லாம் எப்போது கற்றாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

அவள் குனிந்திருந்த நேரம் பார்த்து, அவர் விற்பவன் பக்கம் நகர்ந்தார்.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. உங்க கைக்கு என்ன ஆச்சுன்னு அவகிட்ட கொஞ்சம் சொல்லுங்களேன்."

அவனுக்குப் புரிந்துவிட்டது. சங்கடமாகச் சிரித்தான்.

"இந்த வண்டியில ஆனது இல்லைங்க. மண்ணுல எத்தனையோ தடவை விழுந்திருக்கேன், ஒண்ணும் ஆகல. இது, மருந்துக்கடையிலிருந்து வந்துட்டிருந்தப்ப பின்னாடி ஒரு கார் இடிச்சிருச்சு."

"எதுல வந்தீங்க?"

"நடந்துதாங்க வந்தேன்."

அதற்குள் மகள் எழுந்து வந்து விலை பேச ஆரம்பித்துவிட்டாள்.

வீட்டு வாசலில் வேனிலிருந்து வண்டியை இறக்கியபோது மனைவி வண்டியைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள். அவர் கயிற்றைச் சுருட்டுவதில் மும்முரமானார்.

அதன்பிறகு சாயங்காலங்களில் மகள் வண்டியோடே கிடந்தாள். விழுந்தால் விரல் நசுங்காமலிருக்க ஹேண்டில்பாரில் காப்பு மாட்டினாள். தன் விரலுக்கு எட்டும்படி பிரேக் லீவரைத் திருப்பி வைத்தாள். பின் ஸ்பிரிங்தான் பாக்கி. விற்பவன் பருத்த உடம்புக்காரன். அவன் கனத்துக்கு இறுக்கியது அவளுக்கு அமுங்கவே இல்லை. கல் தட்டினால் தூக்கி எறியும் என்றாள். தளர்த்த வேண்டும், ஆனால் அளந்து தளர்த்த வேண்டும். தனியாக முடியாத வேலை.

அவள் ஹெல்மெட்டும் பூட்ஸும் போட்டு ஏறி உட்கார்ந்தாள். வண்டி சாயாமல் முன்னால் பிடிக்க ஆள் வேண்டுமே. மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்து ஹேண்டில்பாரைப் பிடித்தாள்.

"நேரா பிடிங்கம்மா."

"பிடிச்சுட்டுதாண்டி இருக்கேன். வயசுக்கு வந்த பொண்ணுக்கு எந்த அம்மாடி இப்படி வந்து பிடிப்பா?"

ஓட்டுநர் பின்னால் குந்தி உட்கார்ந்து, அவள் எடைக்கு வண்டி எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்க, சக்கரத்தின் அச்சிலிருந்து மட்கார்டில் போட்ட கோடு வரை டேப்பை இழுத்தார்.

"எவ்வளவுப்பா?"

பொய் சொல்லலாமா என்று தோன்றியது. ஏதோ ஒரு எண்ணைச் சொல்லி, சரியாகவே வரமாட்டேன் என்கிறது, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஆரம்பிக்கலாம். ஆனால் அவள் விடமாட்டாள். சரியில்லாத வண்டியிலும் போவாள். டேப்பை இன்னொரு தடவை ஒட்டிப் பிடித்து, உள்ளதைச் சொன்னார். அவள் இறங்கி ஸ்பிரிங்கைத் தளர்த்தினாள், மறுபடி ஏறினாள். அவர் மறுபடி அளந்தார். மனைவியின் பிடி மட்டும் கடைசிவரை இளகவில்லை.

விடுமுறை நாள் காலையில் மலையடிவாரத்துக்கு அவரும் போனார். மகளும் தோழியும் டயர்களில் காற்றைக் கொஞ்சம் இறக்கினார்கள்; அப்போதுதான் கல்லைக் கவ்வுமாம். முதல் ஏற்றத்திலேயே பின்சக்கரம் வழுக்கி மகள் விழுந்தாள். அவர் ஓடப் போனார். தோழி கையை நீட்டித் தடுத்தாள்.

"இருங்க அங்கிள். அவளே எந்திரிக்கட்டும். மேல யாரு வருவா தூக்க?"

அவள் எழுந்து, முதுகு கொடுத்து வண்டியை நிமிர்த்தினாள். ஏறினாள். விழுந்தாள். இந்த முறை சற்று நேரம் அசையாமல் கிடந்தாள். பிறகு ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

அடுத்த முறை வண்டி நிற்கவில்லை. கற்களை இறைத்துக்கொண்டு மேலே போய், வளைவில் மறைந்தது. தோழியும் பின்னாலேயே போய்விட்டாள். மரங்களுக்குள் எஞ்சின் சத்தம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. ஒவ்வொரு முறை அது உச்சிக்குப் போகும்போதும் ஓட்டுநரின் வலது கால், பிரேக்கை மிதிப்பதுபோல, தானாகத் தரையை அழுத்திற்று. அவர் குனிந்து பார்த்தபோது, செருப்புக்கடியில் சரளை விலகி, ஈர மண் தெரிகிற அளவுக்கு ஒரு குழி விழுந்திருந்தது. மேலே சத்தம் மறுபடி ஏறியது.