தண்ணீர்த் தொட்டியடி வெயில்

உங்கள் தெருவில் காலை வெயில் முதலில் எந்த இடத்தில் விழும் என்று உங்களுக்குத் தெரியுமா? மார்க்கையன்கோட்டையில் பிறந்து வளர்ந்த எனக்கு முப்பத்தாறு வயது வரை தெரியாது. மஸ்கட்டில் ஏசி ரிப்பேர் வேலைக்கு வந்த பிறகுதான் அதைத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

என் தங்கை மாரீஸ்வரிக்காகத்தான். அவள் வீட்டுக்காரர் வைகுண்டராஜ் சின்னமனூர் ரோட்டில் பைக்கில் போகும்போது லாரி இடித்து இறந்துபோனார். பிள்ளை இல்லை. மாரி எங்கள் வீட்டுக்கே வந்து அம்மாவோடு இருந்தாள். எட்டு மாதம் வாசலைத் தாண்டவில்லை. தூக்கம் கிடையாது, உடம்பெல்லாம் வலி. அம்மா தேனிக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுத்துப் பார்த்ததில், வெயில் படாமலே உடம்பு கெட்டிருக்கிறது என்று வந்தது. இந்த ஊர் வெயிலில் இருந்துகொண்டா என்று டாக்டரம்மாவே கேட்டாராம். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, தினமும் ஒரே நேரத்தில் எழுந்து அரை மணி நேரம் வெளிச்சத்தில் நிற்கச் சொன்னார். தூக்கம் தானாக வரும் என்றார்.

அவளை எழுப்பும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஊரில் ஆறரை என்றால் இங்கே ஐந்து. ரூமில் ஆறு பேர் தூங்குவார்கள் என்பதால் மாடிப்படியில் உட்கார்ந்து போன் போடுவேன். எழுந்ததும் ஒரு செம்பு வெந்நீர், பிறகு தலை சீவி முகம் கழுவுவது, பிறகு வெயில், திரும்பி வந்து காலுக்குத் தேங்காயெண்ணெய். போனில் அங்கும் இங்கும் படித்ததை எல்லாம் சேர்த்து நானே வரிசை போட்டேன். முதல் வாரம் ‘ம்’ மட்டும்தான் பதில். இரண்டாவது வாரத்தில் ஒருநாள் கேட்டாள்.

“இன்னும் பவுடரு, லிப்ஸ்டிக் மட்டுந்தான் சொல்லலண்ணே. அதையும் சொல்லிரு, போட்டுக்கிட்டு நிக்கிறேன்.”

எட்டு மாதத்தில் அவள் செய்த முதல் கேலி அது. அன்று முழுக்க நான் சிரித்த முகமாகவே வேலை பார்த்தேன்.

ஒரு சிக்கல்தான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் புதிதாக மாடி எழுப்பிவிட்டார்கள். கிழக்கே மேகமலை வேறு மறித்து நிற்கிறது. வெயில் முதலில் விழுவது தெருமுக்கில் குடிதண்ணீர்த் தொட்டியடியில். ஏலக்காய்த் தோட்ட வேலைக்குக் கேரளா போகும் பெண்களை ஏற்ற ராக்கையா மாமாவின் ஜீப் வந்து நிற்பதும் அங்கேதான், அதே நேரத்தில்தான்.

ஒரு மாதம் போனது. ஒருநாள் மலை வளைவில் ஜீப் டயர் வெடித்தது. யாருக்கும் அடி இல்லை. ஆனாலும் மறுநாளிலிருந்து மாரி நிற்பதைப் பார்த்தால் பெண்கள் தூக்குவாளியோடு தள்ளியே நின்றார்கள். அந்த நேரத்தில் மாரி அங்கே நிற்க வேண்டாம் என்று ராக்கையா அம்மாவிடம் பட்டும் படாமல் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அம்மா சொன்னதும் எனக்குக் கோபம் வந்து அவருக்குப் போன் போட்டேன்.

“நாஞ் சொல்லல மாப்ளே, ஏறுற பொம்பளைக சொல்லுறாக,” என்றார். “தாலியறுத்த பிள்ள மொகத்துல முழிச்சிட்டு மலையேறுறதான்னு பயப்படுறாக. அவுகளும் உசுரக் கையில பிடிச்சுக்கிட்டுப் போறவுகதான.”

நான் விடவில்லை. அவள் மருந்துக்காக நிற்கிறாள், இந்தக் காலத்திலும் சகுனம் பார்ப்பீர்களா என்று நிறையப் பேசினேன். கடைசியில் அவர் ஜீப்பைக் கோயில் பக்கம் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டார். நான் பேசியதை அம்மா மாரியிடம் சொல்லியிருக்கிறாள். மறுநாள் போனில் மாரி, நீ ஒருத்தன் போதும் எனக்கு என்றாள்.

அதற்குப் பிறகு தேறினாள். ராத்திரி தூங்கினாள், சாப்பிட்டாள். பழனிசெட்டிபட்டியில் ஒரு தையல் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்களாம், விசாரிக்கட்டுமா என்று கேட்டாள்.

தை மாதம் ஒரு மாத லீவில் போனேன். தினமும் அவளோடு தொட்டியடியில் நின்றேன். கண்ணை மூடிக்கொண்டு முகத்தை மலைப் பக்கம் தூக்கி நிற்பாள். நான் கொசுவை அடித்துக்கொண்டு நிற்பேன். சும்மா நிற்கக்கூட உனக்கு வரமாட்டேன் என்கிறதே என்று கேலி செய்வாள்.

கிளம்புகிற நாளும் வந்தது. திருச்சிக்குப் போய் விமானம் பிடிக்க வேண்டும். காரை ஏழேகாலுக்கு வரச் சொல்லியிருந்தேன். என் கம்பெனியில் பாதிப் பேரை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். போனதும் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்களா என்று தெரியாது. ஒரு வாரமாக அதே பயம். அம்மா அடுத்த வீட்டு சுபாஸ்ரீயை நிறைகுடத்தோடு எதிரே வரச் சொல்லியிருந்தாள். சுபாஸ்ரீ வாழ்கிற பெண், இரண்டு பிள்ளைக்காரி.

மாரி வழக்கம்போலத் தொட்டியடியில் நின்றாள். அன்று தலைக்குக் குளித்துவிட்டு, அவளிடம் இருந்ததில் நல்ல சேலையாகக் கட்டியிருந்தாள். என்னை வழியனுப்ப என்று தெரிந்தது. கார் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அம்மா என்னைப் பார்த்தாள். மாரி எதிரே நிற்கலாமா என்று அவள் கேட்பது புரிந்தது. ராக்கையாவிடம் பேசியதில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மா விட்டுவிடுவாள். பெட்டியின் ஜிப்பு சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன்.

அம்மா தொட்டியடிக்குப் போனாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

“அண்ணன் பெறப்படுறான் ஆத்தா. கார் போற மட்டும் உள்ள இருந்துக்க.”

மாரி என்னைப் பார்த்தாள். நான் ஜிப்பை இன்னொரு முறை திறந்து மூடினேன். நிமிர்ந்தபோது பக்கத்துச் சந்து வழியாக வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தாள். சுபாஸ்ரீ குடத்தோடு எதிரே வந்தாள். கார் கிளம்பியது. தேனி ரோட்டில் ஏறும் வரை, வண்டியைத் திருப்பச் சொல்லலாமா என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். சொல்லவில்லை.

திருச்சியில் இருந்து போன் போட்டேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டாளாம். பிறகு அவளாகவே சொன்னாள்.

“சன்னல் வழியாப் பாத்தேண்ணே. சுபாஸ்ரீ கொடத்துல பாதித் தண்ணிதான் இருந்துச்சு. அம்மாட்ட சொல்லிராத, பயந்துக்கிரும்.”

மாரி, நான் வந்து, என்று ஆரம்பித்தேன்.

“பெரிய பேச்செல்லாம் எதுக்குண்ணே,” என்றாள். “அவுக அவுக பயம் அவுக அவுகளுக்கு. நீயும் தூரமாப் போறவன்தான.”

அதில் கோபம் இல்லை. ஏலத்தோட்டத்துப் பெண்களைப் பற்றிப் பேசுகிற மாதிரியே என்னைப் பற்றியும் பேசினாள். கோபப்பட்டிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

ராத்திரி மஸ்கட் வந்து சேர்ந்தேன்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு மாடிப்படியில் உட்கார்ந்து போன் போட்டேன். அம்மாதான் எடுத்தாள். மாரி எழுந்து வெந்நீர் குடித்துவிட்டு மறுபடியும் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள் என்றாள்.