இடது முன் சக்கரம்

வெள்ளிக்கிழமை நான் கழுவிக் கொடுத்த வண்டி திங்கட்கிழமை காலையிலேயே திரும்பி வந்தது. கழுவுவதற்கு இல்லை, என்னைக் கேள்வி கேட்பதற்கு.

பத்தமடை ரோட்டில் இருக்கிற வாட்டர் சர்வீஸில் எனக்கு வேலை. வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் தண்ணீர் பீய்ச்ச வேண்டும், சேறு சுரண்ட வேண்டும், துடைக்க வேண்டும். முன்னால் செங்கல் சூளையில் இருந்தேன். அதற்கும் முன்னால் வயல் வேலை. இடுப்பு முடியாமல் போன பிறகு இங்கே வந்தேன். இங்கேயும் குனிவதுதான் வேலை என்பது வந்த பிறகு தெரிந்தது.

வண்டி உரக்கடை பெருமாள்ராஜ் அண்ணாச்சியுடையது. ஓட்டுகிறவர் முப்பிடாதி. அண்ணாச்சியின் மகள் முத்துராணியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்ட காலத்திலிருந்து அவர்தான் ஓட்டுகிறார். அந்தப் பிள்ளை அப்போது சாவிக்கொத்தில் ஒரு சின்ன மணியைக் கட்டிவிட்டது. வண்டிகள் மாறின, மணி மாறவில்லை. முப்பிடாதி நடந்து வந்தால் மணிச் சத்தம்தான் முதலில் வரும்.

அன்றைக்கு அண்ணாச்சியின் சத்தம் முதலில் வந்தது.

"ஏலே சுடலைக்கண்ணு, வண்டியில என்ன எழவப் பண்ணித் தொலைச்ச? நீ கழுவுன நாள்லேருந்து ஸ்டேரிங் நடுங்குது."

"தண்ணி அடிச்சா ஸ்டேரிங் நடுங்குமா அண்ணாச்சி? அதுக்கென்ன குளிரா அடிக்குது?"

அண்ணாச்சி சிரிக்கவில்லை. முப்பிடாதி முன் டயரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அறுபதுல பச்சப்புள்ள மாதிரி கெடக்கு வே. எண்பதுல போனா அடிக்குது. பேரிங்ல தண்ணி போயிருக்குமோன்னு பாக்கேன்."

"வண்டி நடுங்குதா, ஓட்டுத ஆளு நடுங்குதாரான்னு எனக்குத் தெரியணும்" என்றார் அண்ணாச்சி. "சனிக்கிழமை பக்கத்துல உக்காந்து பாத்தேன். ரெண்டு கையும் அப்பிடி ஆடுது. முன்னால ஒரு கல்யாண வீட்டுல காப்பியச் சட்டையில ஊத்துனாரு. அன்னைக்கு ஸ்டேரிங்கா ஊத்துச்சு?"

முப்பிடாதி குனிந்து டயரை அமுக்கிப் பார்த்தார்.

விஷயம் இதுதான். முத்துராணிக்கு ஒன்பது மாதம். நாகர்கோவிலில் புருஷன் வீட்டில் இருக்கிறாள். புதன்கிழமை நாள் நன்றாக இருக்கிறதென்று தலைப்பிரசவத்துக்குக் கூட்டிவர முடிவு செய்திருந்தார்கள். அதற்காகத்தான் வண்டியை அடியோடு கழுவச் சொன்னதும்.

"வண்டியில கோளாறுன்னா சரி பண்ணிட்டு நீரே ஓட்டும்" என்றார் அண்ணாச்சி. "கையில கோளாறுன்னா சாவிய வச்சிட்டுப் போயிரும். எம் மவள அந்தக் கையில கொடுக்க மாட்டேன். சுடலை, நீயும் ஏறுலே. கழுவுன ஆளும் கூட இருக்கட்டும்."

ஈரக் கைலியோடு பின் சீட்டில் ஏறினேன். கழுவுகிற வண்டிக்குள் உட்கார்ந்து போனது எனக்கு அதுதான் முதல் தடவை. அடியில் ஒரு பழைய பேப்பரை விரித்துக்கொண்டேன்.

நாலுவழிச் சாலைக்குப் போகிறவரை ஒன்றும் இல்லை. அங்கே ஏறி வேகம் எழுபதைத் தாண்டியதும் ஸ்டியரிங் லேசாக முனகுவது போல ஆரம்பித்தது. எண்பதில் முப்பிடாதியின் முழங்கை வரைக்கும் ஆடியது. சல்லடையைப் பிடித்து மணல் சலிக்கிறவன் கை மாதிரி. ஆனால் முன்னால் ஒட்டியிருந்த முருகன் பொம்மை அசையாமல் நின்றது. என் சீட்டிலும் ஆட்டம் இல்லை.

"பாத்தியாலே? சாமி நிக்காரு, இவரு ஆடுதாரு" என்றார் அண்ணாச்சி என்னிடம்.

முப்பிடாதி வண்டியை ஓரம் கட்டினார். "அண்ணாச்சி, நீங்க வந்து ஓட்டிப் பாருங்க."

ஆள் மாறினார்கள். எழுபது வரும்வரை அண்ணாச்சி கெத்தாகத்தான் ஓட்டினார். எண்பதில் அவர் கை ஆடியது. சட்டைக்குள் வயிறும் கூட ஆடியது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் மிதித்தார். தொண்ணூறைத் தாண்டிக் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

"அண்ணாச்சி, உங்க கையும்லா ஆடுது" என்றார் முப்பிடாதி. "உங்களையும் வேலைய விட்டு நிப்பாட்டிருவமா?"

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அண்ணாச்சி கண்ணாடியில் என்னை முறைத்தார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சரிவே, வண்டிதான். வண்டியில எங்கன?"

முப்பிடாதிக்குக் குரல் வந்துவிட்டது. "பிரேக்கப் பைய அமுக்குங்க. கூடுதா? இல்லைல்லா. அப்ப டிஸ்க்கு இல்ல. கைய லேசா விடுங்க. ஒரு பக்கமா இழுக்கலை. அப்ப அலைன்மெண்டும் இல்ல. ஒரு வேகத்துல மட்டும் ஆட்டம் வருதுன்னா வீலுதான். முன் வீலு."

"பேலன்சு போட்டு ரெண்டு மாசங்கூட ஆகலையேவே."

"அதான் எனக்கும் புரியலை."

மேலப்பாளையம் டயர் கடைக்குப் போகிற வழியில் டீ குடித்தோம். முப்பிடாதி கிளாஸை எடுக்கவில்லை. பெஞ்சில் வைத்தபடியே குனிந்து ஒரு வாய் உறிஞ்சினார். கிளாஸ் பாதியானதும்தான் கையில் எடுத்தார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "ஓட்டி ஓட்டி அதிர்வு கையில ஏறிக்கெடக்கு வே. வண்டி சரியாச்சுன்னா இதும் அடங்கிரும்" என்றார். இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். பொழுதடையும்வரை பம்ப் துப்பாக்கியைப் பிடித்துவிட்டு வீட்டுக்குப் போனால் எனக்கும் சோறு பிசைகிறபோது விரலுக்குள் என்னமோ ஓடிக்கொண்டிருக்கும்.

மாரிராஜ் டயர் கடையில் கூட்டம் இல்லை. மாரிராஜே இடது முன் சக்கரத்தைக் கழற்றி பேலன்ஸ் பார்க்கிற மிஷினில் மாட்டிச் சுற்றினான். சக்கரம் நின்றதும் சிவப்பாக எண் வந்தது. எண்ணைப் பார்த்தான், சக்கரத்தின் உள்பக்கத்தைப் பார்த்தான். அங்கே சக்கரத்தைச் சமன் செய்ய ஒட்டுகிற ஈயத் துண்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன.

"எவன்வே இம்புட்டு ஈயத்த ஒட்டுனவன்? கல்யாணப் பொண்ணுக்கு நகை போட்ட மாதிரில்லா இருக்கு!"

"நீதாம்லே ஒட்டுன, கார்த்திகையில" என்றார் முப்பிடாதி.

மாரிராஜ் துண்டால் முகத்தைத் துடைத்தான். "கார்த்திகையிலயா? எந்த ரோட்டுல ஓடிட்டுக் கெடந்துச்சு?"

"சேரன்மாதேவி ரோட்டுலதான். வேற எங்க போவ?"

கார்த்திகை என்றால் பிசானப் பருவ நெல் நடவு. இரும்புச் சக்கரம் மாட்டிய டிராக்டர்கள் சேற்றைக் கலக்கித் தொழியடித்துவிட்டு வயலிலிருந்து அப்படியே ரோட்டில் ஏறும். போகிற வழியெல்லாம் களிமண் உருண்டை உருண்டையாக விழும். கார்கள் அதன்மேல்தான் போக வேண்டும். அந்தக் களி ரிம்முக்கு உள்பக்கம் போய் அப்பிக் காய்ந்தால் சூளையில் வைத்த மாதிரி ஆகிவிடும். இரண்டு மழைக்கும் கரையாது.

மாரிராஜ் என் பக்கம் திரும்பினான். "உள்ள மண்ணு எதும் எடுத்தீரா?"

"ஒரு கட்டி இருந்துச்சு" என்றேன். "தண்ணிக்கு அசையலை. கம்பிய வச்சு நெம்பி எடுத்தேன். செங்கல்ல பாதி இருக்கும்."

மாரிராஜ் தலையைச் சொறிந்தான். "அண்ணாச்சி, தப்பு எம்மேலதான். அன்னைக்குக் கூட்டம். உள்ள கை விட்டுப் பாக்காம சேத்தையும் சேத்து எடை போட்டு எதிர்ப்பக்கம் ஈயத்த ஒட்டிட்டேன். சேறு இருந்தமட்டும் சரியாப் போச்சு. இவரு சேத்த எடுத்துட்டாரு. ஈயம் மட்டும் தங்கிப்போச்சு."

அண்ணாச்சி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். "வயக்காட்டையும் சேத்து பேலன்சு போட்ட மொத ஆளு நீதாம்லே! வரப்பையும் கொண்டாந்து வச்சுருக்க வேண்டியதுதான?"

மாரிராஜ் ஈயத்தையெல்லாம் பெயர்த்துப் போட்டான். மறுபடி சுற்றிப் பார்த்துச் சின்னதாக ஒரு துண்டு மட்டும் ஒட்டினான். மிஷினில் பச்சை வந்தது. மற்ற சக்கரங்களையும் பார்த்துவிட்டுக் கூலி வேண்டாம் என்றான். அண்ணாச்சி வற்புறுத்தவில்லை.

கிளம்புகிறபோது அவர் முப்பிடாதியின் தோளில் கையைப் போட்டார். "காலைல பேசுனத மனசுல வச்சுக்காதேயும். புள்ளத்தாச்சி சமாச்சாரம்லா, பயம். புதன்கிழமை நீருதான் போறீரு." முப்பிடாதி தலையாட்டினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து ஸ்டியரிங்கை ஒரு சுற்று துடைத்தார்.

மறுபடியும் நாலுவழிச் சாலை, முப்பிடாதிதான் ஓட்டினார். எழுபதில் ஒன்றும் இல்லை. எண்பதிலும் இல்லை. ஸ்டியரிங் அடித்து வைத்தது போல நின்றது. அண்ணாச்சி வீட்டுக்குப் போன் போட்டு, "வண்டிதாம்ளா. அவரு கையில ஒண்ணும் இல்ல. மாரிராஜ் பண்ணுன கூத்தக் கேளு" என்று சேற்றுக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்.

பின்னால் நான் இரண்டு முன் சீட்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்ததால் எனக்குத் தெரிந்தது. ஸ்டியரிங் ஆடவில்லை. அதன்மேல் இருந்த இடது கை ஆடியது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன, பீடி சுற்றுகிறவர்கள் இலையை உருட்டுவது போல. முப்பிடாதி கையை இறுக்கினார். நின்றது. தளர்த்தினார். மறுபடி ஆரம்பித்தது. கையை எடுத்து கியர்மேல் வைத்தார். அங்கேயும் அதுபாட்டுக்கு உருட்டிக்கொண்டிருந்தது. தொண்ணூறு வரைக்கும் மிதித்துப் பார்த்தார். வண்டியில் எந்தக் குறையும் இல்லை.

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். தூரத்தில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன.

ஒரு வாய்க்கால் பாலத்தைத் தாண்டி இண்டிகேட்டர் போட்டு வண்டியை ஓரம் நிறுத்தினார். இன்ஜினையும் அணைத்தார்.

"என்னவே, திரும்பவும் அடிக்குதா?" என்றார் அண்ணாச்சி, போனைக் காதிலிருந்து எடுக்காமல்.

"இல்ல அண்ணாச்சி. வண்டி சரியாயிட்டு." சாவியை உருவி நீட்டினார். "புதன்கிழமைக்கு வேற ஆளு பாருங்க."

"கோவமாவே? அதான் மனசுல வச்சுக்காதேயும்னு சொன்னம்லா..."

அதற்குள் மணிச் சத்தம் கேட்டது. வண்டி நின்றிருந்தது, கண்ணாடிகள் ஏற்றியிருந்தன, உள்ளே காற்று இல்லை. முப்பிடாதியின் இடது கையில் தொங்கிய சாவிக்கொத்தில் அந்த மணி நிற்காமல் கிணுகிணுத்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சி மணியைப் பார்த்தார். போனுக்குள் அவர் வீட்டம்மா "கேக்கலை, கேக்கலை" என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவர் போனை அணைத்தார்.

"ஸ்டேரிங்னுதான் நானும் நெனச்சேன்" என்றார் முப்பிடாதி.

அண்ணாச்சி சாவியை உடனே வாங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கை நீட்டினார். மணியை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டார். "ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில காட்டுவோம். எனக்குத் தெரிஞ்ச ஆளு இருக்கு."

"காட்டுவோம். புள்ளைய நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க. எண்பதுக்கு மேல போவாதீங்க."

"சரி."

முப்பிடாதி இறங்கி வந்து பின் கதவைத் திறந்தார். நான் நகர்ந்து உட்கார்ந்து பேப்பரையும் நகர்த்திக்கொண்டேன். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தார். பின் சீட்டிலிருந்து ரோடு சரியாகத் தெரியவில்லை போல. கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து முன் கண்ணாடி வழியாகவே பார்த்தார்.

அண்ணாச்சி வண்டியை எடுத்தார். கொஞ்ச தூரத்தில் முன்னால் போன லாரி சிக்னல் போடாமல் வலது பக்கம் ஒதுங்கியது. முப்பிடாதியின் வலது கால் எனக்குப் பக்கத்தில் தரைவிரிப்பை ஓங்கி அமுக்கியது. அண்ணாச்சி அதற்குப் பிறகுதான் பிரேக் பிடித்தார்.

"பைய, அண்ணாச்சி" என்றார் முப்பிடாதி. காலை எடுக்கவில்லை.